பனி எங்கே?

ரொசெட்டா விண்கலம் அனுப்பிய 67பி வால்மீனின் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்: பனி எங்கே? அந்தப் படங்களில் இருப்பது கரிய, வறண்ட நிலம். ஹாத்தோர் என்று பெயரிட்ட ஒரு செங்குத்துச் சுவர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. இன்னொரு பக்கம், சமதளத்தில் தனியாகக் கிடக்கும் 45 மீட்டர் அகலப் பாறை. தூசி படிந்த இடங்களில் மணல்மேடுகளில் இருப்பதுபோல வரிவரியாக அலைகள். நமக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தது ‘அழுக்குப் பனிப்பந்து’. படத்தில் அழுக்கு நிறையவே இருக்கிறது, பனிப்பந்தைத்தான் காணோம்.

மனதில் கிடந்த இந்தக் கேள்வியைக் கிளறிவிட்டது ஒரு நண்பர் அனுப்பிய காணொளி. வால்மீன்கள் பனியே கிடையாது, கோள்களிலிருந்து பிய்த்தெறியப்பட்ட பாறைகள். மின்னூட்டம் ஏறிய அந்தப் பாறைகள் சூரியனை நெருங்கும்போது நடக்கும் மின்னிறக்கத்தைத்தான் நாம் வாலாகவும் பீச்சலாகவும் பார்க்கிறோம் என்கிறது அது. விண்ணில் நடப்பதையெல்லாம் மின்சாரத்தால் விளக்கப் பார்க்கும் ‘மின்பிரபஞ்சம்’ பேசுவோரின் வாதம். வாலஸ் தார்ன்ஹில், டேவிட் டால்பட் ஆகியோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. நண்பர் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: “படத்தைப் பாருங்க, அப்புறம் பனின்னு சொல்லுங்க பார்க்கலாம்.”

இதற்கு வழக்கமாக வரும் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. ‘போலி அறிவியல், விட்டுத் தள்ளுங்கள்’ என்பது பதிலே இல்லை. படத்தில் பனி தெரியவில்லை என்பது உண்மை. கேட்டவர் கண்ணால் பார்த்ததைத்தான் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப் போனால், வழக்கமான கோட்பாடு எத்தனை இடத்தில் அடிவாங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

விப்பிளும் எதிர்க்குரல்தான்

பனிப்பந்து ஏதோ ஆதிகாலத்திலிருந்து வரும் மரபு என்று பலர் நினைக்கிறார்கள். அது 1950இல் ஃபிரெட் விப்பிள் என்ற வானியலாளர் வைத்த யோசனை. அதற்கு முன்பு வால்மீனின் நடுவில் திடமான ஒரு பொருள் இருக்கிறது என்பதே உறுதியில்லை. தூசியும் மணலும் ஒன்றாக மிதந்து வரும் கூட்டம்தான் வால்மீன் என்று ரேமண்ட் லிட்டில்டன் போன்றவர்கள் வாதாடினார்கள். அது அன்றைக்கு மதிப்புக் குறைந்த கருத்தும் இல்லை.

விப்பிளை அந்தப் பக்கம் தள்ளியது என்கே வால்மீன். 3.3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் அது ஒவ்வொரு சுற்றிலும் கணக்கைவிடச் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்து நின்றது. விண்வெளியில் ஏதோ ஊடகம் அதை உரசி, பாதையைச் சுருக்குகிறது என்று அதன் பாதையைக் கணக்கிட்ட வானியலாளர் என்கே கருதினார். ஆனால் வேறு சில வால்மீன்கள் தாமதமாக வந்தன. ஹாலி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு நாள் பிந்தி வருகிறது. உரசும் ஊடகம் எல்லோரையும் ஒரே பக்கம்தான் தள்ள முடியும். விப்பிள் சொன்னது இது: நடுவில் சுழலும் ஒரு பனிக்கட்டி இருக்கிறது. வெயில் பட்ட பக்கம் சற்றுத் தாமதமாகச் சூடேறி வாயுவைக் கக்குகிறது. அந்த உந்துதல், சுழலும் திசையைப் பொறுத்து வால்மீனை முந்தவும் வைக்கும், பிந்தவும் வைக்கும். பனி ஆவியானபின் மிஞ்சும் துகள்கள் மேலே ஒரு போர்வையாகப் படியும் என்பதும் அந்த யோசனைக்குள்ளேயே இருந்தது. இதை நண்பர் அனுப்பிய காணொளி சொல்லவில்லை. கரிய மேற்பரப்பு விப்பிளுக்கு எதிரான சாட்சி என்று அது வைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் கலிலியோவை இழுக்காமல் இருக்க மாட்டார்கள். ஊர் உலகமே எதிர்த்தபோது ஒற்றை ஆளாக நின்று ஜெயித்தவர் என்ற பேச்சு கட்டாயம் வரும். வால்மீன் விஷயத்தில் மட்டும் அந்தப் பெயரை எடுக்காமல் இருப்பது நல்லது. 1577இல் தோன்றிய வால்மீன் நிலவுக்கு அப்பால் இருப்பதை டைக்கோ பிராஹே இடமாறு தோற்றத்தை, அதாவது பார்க்கும் இடம் மாறும்போது பொருள் நகர்ந்ததுபோலத் தெரிவதை, அளந்து காட்டியிருந்தார். 1618இல் வந்த வால்மீன்களைப் பற்றி ஒராசியோ கிராஸ்ஸி என்ற ஏசுசபைத் துறவி அதே வழியில் சரியாகவே சொன்னார். அவரை எதிர்த்தவர் கலிலியோ. மேலெழுந்த ஆவியில் ஒளி பட்டு உண்டாகும் தோற்றமாகவும் வால்மீன் இருக்கலாம் என்று கலிலியோ வாதாடினார். வாதத் திறமையில் கிராஸ்ஸியை அவர் தூக்கிச் சாப்பிட்டார், விஷயத்தில் கிராஸ்ஸி பக்கமே நியாயம் இருந்தது.

அடிமேல் அடி

1986 மார்ச்சில் ஜியோட்டோ விண்கலம் ஹாலியின் கருவைச் சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. லிட்டில்டனின் மணல்கூட்டம் அன்றோடு முடிந்தது. 15 கிலோமீட்டர் நீளத்தில் திடமான கரு இருந்தது. ஆனால் அது தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பியது. கரியைவிடக் கறுப்பு. 2001இல் போரெல்லி வால்மீனைக் கடந்த டீப் ஸ்பேஸ் 1, மேற்பரப்பில் பனியின் தடயத்தைக் காணவில்லை; சூடான, காய்ந்த நிலத்தைத்தான் பார்த்தது. 2005 ஜூலை 4 அன்று டெம்பல் 1 மேல் 370 கிலோ எடையுள்ள மோதுகலத்தை நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். கிளம்பிய மாவுபோன்ற தூசியில் குழியே தெரியாமல் போயிற்று. அந்தக் குழியைப் பார்க்க 2011 வரை, வேறொரு விண்கலம் அங்கே போகும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவற்றில் எனக்கு மிகவும் கனமானதாகப் படுவது வைல்ட் 2 வால்மீன். ஸ்டார்டஸ்ட் அதன் தூசியைப் பிடித்து 2006 ஜனவரியில் பூமிக்குக் கொண்டுவந்தது. சூரிய மண்டலத்தின் குளிர்ந்த விளிம்பில் பிறந்த பொருளுக்குள், 1000 டிகிரிக்கு மேல் வெந்தால்தான் உண்டாகும் கனிமங்கள் இருந்தன. ஆலிவின் இருந்தது. சூரியனுக்கு அருகே மட்டுமே உருவாகக்கூடிய கால்சியம், அலுமினியம் மிகுந்த துகள்கள் இருந்தன. பனியோடு பனியாக, ஒதுக்குப்புறத்தில், எதிலும் கலக்காமல் உறைந்து கிடந்தவை வால்மீன்கள் என்ற பழைய சித்திரம் இதோடு உடைந்தது. சூரியன் பிறந்த வாயு, தூசித் தட்டுக்குள், உள்ளே வெந்தவை வெளியே வெகுதூரம் அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றன என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ‘அழுக்குப் பனிப்பந்து’ என்பதைவிடப் ‘பனி கலந்த அழுக்குருண்டை’ என்பதே பொருத்தம் என்று ஆய்வாளர்களே பேசத் தொடங்கினார்கள். இந்தத் திருத்தம் பாடநூல்களுக்கு இறங்கி வருவதற்குள் நண்பரின் காணொளி வந்துவிட்டது. அதற்கு அந்தக் காணொளியை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மின்சாரம் உண்மையாக இருக்கும் இடம்

வால்மீன்களில் மின்சாரத்துக்கு இடமே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. சூரியனிலிருந்து மின்துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன என்று 1951இல் லுட்விக் பியர்மன் சொன்னதே வால்மீன் வால்களின் திசையைப் பார்த்துத்தான். சூரியக் காற்று எனப்படும் இந்த வீச்சின் காந்தப்புலம் வால்மீனின் தலையைச் சுற்றிப் போர்த்தி மடிவதால் மின்துகள்களாலான வால் உண்டாகிறது என்று ஹான்ஸ் ஆல்ஃப்வேன் 1957இல் விளக்கினார். 1996இல் ஹியாகுடாகே வால்மீனிலிருந்து எக்ஸ் கதிர் வருவதை ரோசாட் செயற்கைக்கோள் பார்த்தபோது எல்லோரும் திகைத்தார்கள். குளிர்ந்த பொருளிலிருந்து எக்ஸ் கதிரா? மின்னிறக்கம் பேசுவோர் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். எலக்ட்ரான்களை இழந்த கனமான சூரியக் காற்றுத் துகள்கள், வால்மீனின் வாயுவிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும்போது அந்தக் கதிர் வெளிவருகிறது என்று அடுத்த ஆண்டே தாமஸ் கிராவன்ஸ் காட்டினார். அதற்குப் பொறி பறக்க வேண்டிய தேவை இல்லை, ஆனால் நடப்பது மின்துகள் விளையாட்டுதான். 67பியைச் சுற்றிப் புறவூதா ஒளியில் துருவ ஒளி போன்ற ஒன்று மின்னியதையும் 2020இல் அறிவித்தார்கள். ஆக, வால்மீனின் வாயுச்சூழலில் மின்சாரம் உண்டு. சண்டை கருவைப் பற்றியது: அது காய்ந்த பாறையா, பனி கலந்த உருண்டையா?

தாளில் போட்ட கணக்கு

பாறை என்றால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். 67பி 2015 ஆகஸ்டில் சூரியனுக்கு மிக அருகே இருந்தபோது நொடிக்குச் சுமார் 300 கிலோ நீராவியை வெளியேற்றியது. மின்பிரபஞ்சத்தார் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். சூரியக் காற்றில் வரும் புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் கருக்கள், பாறையிலிருந்து வெளிப்படும் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன என்கிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. நிலவின் மேற்பரப்பில் சிறிய அளவில் இப்படி ஏதோ நடப்பதாகவும் கருதுகிறார்கள். அதனால் இந்தப் பதிலை மதித்து ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் மனம் தெளிந்தது அந்தத் தாளில்தான்.

பூமி இருக்கும் தொலைவில் சூரியக் காற்று, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து புரோட்டான் அளவில், நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு 20 கோடி புரோட்டான்கள் விழும். 67பி சூரியனுக்குக் காட்டும் முகத்தைத் தாராளமாக 15 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விழும் புரோட்டான் ஒன்றுகூட வீணாகாமல், இரண்டிரண்டாக ஒரு தண்ணீர் மூலக்கூறுக்குள் போய்விடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டிப் பெருக்கினால் கிடைக்கும் தண்ணீர் நொடிக்கு அரை மில்லிகிராம். அளந்தது 300 கிலோ. 60 கோடி மடங்குக்கும் மேல் வித்தியாசம். மின்புலம் தூரத்திலிருந்தும் புரோட்டான்களை இழுத்துக் குவிக்கும் என்று சொன்னால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள பரப்பில் வீசும் சூரியக் காற்று முழுவதும் அந்த நான்கு கிலோமீட்டர் கட்டியின் மேல் வந்து விழ வேண்டும்.

சரி, அப்படி விழுந்ததா என்று பார்க்க ரொசெட்டா பக்கத்திலேயே இருந்தது. 2015 ஏப்ரல் இறுதியிலிருந்து டிசம்பர் வரை ரொசெட்டாவின் கருவிகளில் சூரியக் காற்றின் புரோட்டான்களே பதிவாகவில்லை. வால்மீன் கக்கிய வாயு அந்த அளவு தடித்துப்போய், சூரியக் காற்றை விலக்கிவிட்டது. தண்ணீர் அதிகமாக வந்த மாதங்களும் புரோட்டான்கள் வராமல் போன மாதங்களும் ஒன்றே.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரியது. தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜனோடு அதன் கனமான வடிவமான டியூட்டீரியமும் கொஞ்சம் கலந்திருக்கும். 67பியின் நீராவியில் அந்த விகிதம் பூமியின் கடல்நீரில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் என்று 2014 டிசம்பரில் அறிவித்தார்கள். வழக்கமான கோட்பாட்டுக்காரர்களுக்கு அது கசப்பான செய்தி. பூமியின் கடல்களை வால்மீன்கள் நிரப்பின என்று சொல்லிக்கொண்டிருந்த பலர் பின்வாங்க வேண்டியிருந்தது. நண்பரின் காணொளியும் இதை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டியது. ஆனால் சூரியனில் டியூட்டீரியம் ஏறத்தாழ இல்லவே இல்லை. சூரியன் இளமையிலேயே அதை எரித்துத் தீர்த்துவிட்டது. சூரியக் காற்றிலிருந்து செய்த தண்ணீரில் டியூட்டீரியம் இருக்கவே கூடாது. வால்மீன் தண்ணீரில் அது கடலைவிட அதிகம். தூசியின் பாதிப்பால் அந்த அளவு கூடுதலாகப் பதிவாகியிருக்கலாம் என்று 2024இல் வந்த ஒரு மறு ஆய்வு சொல்கிறது. அதன்படி பார்த்தாலும் மதிப்பு கடல்நீரின் பக்கம்தான் நகர்கிறது, பூஜ்யத்தின் பக்கம் போகவில்லை. மரபான கோட்பாட்டைக் காயப்படுத்திய அதே எண், எதிர்க்கோட்பாட்டின் தண்ணீர்க் கதையை முடித்துவைக்கிறது. அந்த எண்ணைக் காணொளியில் எடுத்துக்காட்டியவர்கள் இந்தப் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம் எடை. ரொசெட்டாவின் பாதை எவ்வளவு வளைகிறது என்பதை ரேடியோ அலையில் அளந்து 67பியின் எடையைக் கண்டார்கள்: சுமார் 1000 கோடி டன். பருமனால் வகுத்தால் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 533 கிலோ. பாறை என்றால் 2500க்கு மேல் இருக்க வேண்டும். இந்தக் கட்டி தண்ணீரில் மிதக்கும். உள்ளே பெரிய குகைகள் இருப்பதால் எடை குறைகிறதோ என்றால், 67பியில் தரையிறங்கிய ஃபீலே என்ற சிறுகலமும் ரொசெட்டாவும் கருவின் ஊடாக ரேடியோ அலை அனுப்பிப் பார்த்ததில் அப்படி எதுவும் சிக்கவில்லை. முழுக்க முழுக்க நுண்துளை. இதற்கு எதிர்த்தரப்பு தரும் பதிலில்தான் எனக்கு வருத்தம். மின்னூட்டம் ஈர்ப்பையே மாற்றிவிடுகிறது, எனவே இந்த எடையை நம்ப முடியாது என்கிறார்கள். தராசு பிடிக்காத எண்ணைக் காட்டியதும் தராசைக் குறைசொன்னால், பிறகு எந்த அளவைத்தான் அவர்கள் முன்னால் வைப்பது?

பனி இருந்த இடம்

படத்தில் தெரியாத பனி சில இடங்களில் கண்ணுக்கே பட்டது. இரண்டை மட்டும் சொல்கிறேன். 2014 செப்டம்பரில் அஸ்வான் என்ற 134 மீட்டர் உயரச் சுவரின் விளிம்பில் 70 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் இருப்பதைக் குறித்து வைத்திருந்தார்கள். 2015 ஜூலையில் அந்த விளிம்பு இடிந்து விழுந்தது. விழுந்த இடத்தில் வெளிப்பட்ட சுவர், சுற்றியுள்ள கரிய நிலத்தைவிட ஆறு மடங்கு பளிச்சென்று இருந்தது. அது தண்ணீர்ப் பனி. டிசம்பருக்குள் அதன் வெளிச்சம் பாதியாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெரும்பகுதி பழைய கறுப்புக்குத் திரும்பியிருந்தது. மேலே வெயிலில் காய்ந்த தோல், கீழே பனி, தோல் உரிந்தால் கொஞ்ச நாள் வெளிச்சம். இதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்க முடியாது.

இன்னொன்று ஃபீலே. தரையிறங்கியபோது துள்ளித் துள்ளிப் போன அந்தச் சிறுகலம் கடைசியில் நின்ற இடத்தில் அதன் சுத்தியல் கருவியால் தரையைத் துளைக்க முடியவில்லை. ‘பார்த்தீர்களா, பாறை’ என்றார்கள். 2020இல், துள்ளும் வழியில் ஃபீலே இரண்டாவதாகப் பட்ட இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பாறாங்கற்களுக்கு இடையே அது இடித்துப் புரண்ட தடம் இருந்தது, அந்தத் தடத்துக்குள் பளிச்சென்ற பனி இருந்தது. அந்தப் பனித்தூசிக் கலவையின் உறுதி 12 பாஸ்கலுக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். புதிதாகப் பெய்த பனியைவிட மென்மை. பார்வைக்குப் பாறாங்கல், உள்ளே விரல் வைத்தால் பொதிந்துபோகும் பொருள். வெறும் படத்தைப் பார்த்துப் பாறை என்றோ பனி என்றோ தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது என்று எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான்.

இன்னும் தீராதவை

மரபான தரப்புக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. 67பியின் வாயுவில் தண்ணீருக்கு 4 சதவீதம் என்ற அளவில் ஆக்சிஜன் மூலக்கூறு இருந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எதோடும் எளிதில் வினைபுரியும் அது எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 67பி சூரிய மண்டலத்தின் தொடக்கத்திலிருந்து அப்படியே இருப்பதா, பிற்காலத்தில் மோதிச் சிதறியவை மறுபடி கூடியதா என்று ஆய்வாளர்கள் இரண்டு அணியாக நிற்கிறார்கள். எல்லாவற்றையும்விட அடிப்படையான ஒன்றிலும் சிக்கல் இருக்கிறது: ஆவியாகும் வாயு தூசியை எப்படித் தூக்குகிறது? துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிடிப்பு, அவற்றைத் தள்ளும் வாயுவின் அழுத்தத்தைவிட அதிகம் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. அப்படியானால் தூசி கிளம்பவே கூடாது. கண்ணெதிரே நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோ கிளம்புகிறது. பட்டாணி அளவு உருண்டைகளாகத் தூசி சேர்ந்திருந்தால் பிடிப்பு குறையும் என்பது இப்போது பலர் நம்பும் விளக்கம். வால்மீனுக்கு வால் ஏன் வருகிறது என்ற கேள்வியின் கடைசி சில மில்லிமீட்டர் இன்னும் திறந்தே கிடக்கிறது. எதிர்க்கேள்வி கேட்க விரும்புபவர்கள் கேட்க வேண்டிய இடம் இது என்பேன்.

மரபான விளக்கத்தையும் நான் அளந்துபார்க்கக் காத்திருக்கிறேன். மேல்தோல் காய்ந்து கறுத்திருப்பது சூரியனைப் பலமுறை சுற்றியதால் என்கிறோம். இதுவரை நாம் அருகில் போய்ப் பார்த்த வால்மீன்கள் எல்லாமே முன்பே பலமுறை வெயில் பட்டவை. ஐரோப்பிய விண்வெளி முகமை, ஜப்பானோடு சேர்ந்து, காமெட் இன்டர்செப்டர் என்ற திட்டத்தை இந்தப் பத்தாண்டின் இறுதியில் ஏவத் திட்டமிட்டிருக்கிறது. அது விண்ணில் காத்திருந்து, சூரியன் பக்கம் முதன்முறையாக வரும் ஒரு வால்மீனைச் சந்திக்கும். அதன் மேற்பரப்பில் பனி தாராளமாகத் தெரிந்தால் நம் விளக்கம் தேறும். அங்கேயும் கரிய தோல்தான் என்றால், வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் விண்கதிர் பட்டுக் கறுத்தது என்ற மாற்று விளக்கம் முன்னுக்கு வரும், அல்லது இருவரும் யோசிக்காத ஒன்று வரும். நண்பருக்கு நான் அனுப்பிய பதிலில் இந்தக் கணக்குகளோடு இதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் புது வால்மீனின் மேற்பரப்பில் என்ன தெரியும், அதன் அடர்த்தி எவ்வளவு இருக்கும், தண்ணீரில் டியூட்டீரியம் எவ்வளவு இருக்கும் என்று அவர் தரப்பும் இப்போதே எழுதி வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன்.